ஸ்கேன் போதும் என்றேன் நான்

இன்று காலை நாளிதழோடு ஒரு விளம்பரத் தாளும் வந்து விழுந்தது. பெண்களுக்கான முழு உடல் பரிசோதனையாம். ரத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் கொட்டை எழுத்தில். கருப்பை வாயைச் சோதிக்கும் பேப் ஸ்மியர் மட்டும் அடியில் பொடி எழுத்தில், விரும்பினால் செய்துகொள்ளலாம் என்று. நீ இருந்திருந்தால் அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்திருப்பாய்.

எண்பதுகளின் கடைசியில், காப்பார் ஊரில் இருந்த என் அக்கா கருப்பை வாய்ப் புற்றுநோயில் போனாள். எனக்கும் வந்துவிடுமோ என்று பயத்தில் தூக்கமே இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் அழுதால் உனக்குக் கேட்கும். ஒருநாள் நேராக வந்து, "அழுதது போதும்டி, செக் பண்ணியா இல்லையா?" என்றாய்.

"ஸ்கேன் எடுத்துக்கிறேன் லா. வயித்து மேல வச்சுப் பாப்பாங்க, அவ்வளவுதான்" என்றேன். ஸ்மியர் என்றால் எப்படிப் படுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிள்ளை பெற்றபோது பட்ட வெட்கமே எனக்குப் போதும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண் டாக்டரிடம் பஸ் ஏறிப் போனோம். அவரிடமும் ஸ்கேன்தான் கேட்டேன்.

"கட்டி பெருசா இருந்தா ஸ்கேன்ல தெரியலாம். அதுக்கு முன்னாடி செல்லு மாறுறது அதுல தெரியாதும்மா. ரத்தத்துலயும் தெரியாது. அதுக்கு ஸ்மியர்தான்" என்றார் அவர்.

"இன்னொரு நாள் வரேன் டாக்டர்" என்று எழுந்துவிட்டேன்.

நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "உக்காரு. நான் முதல்ல படுக்கிறேன், எப்படி இருக்குன்னு சொல்றேன். டாக்டர், எனக்கும் ஒண்ணு எடுங்க."

உனக்கு ஒரு தொல்லையும் கிடையாது. உன் குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. சும்மா எனக்காகப் படுத்தாய். திரைக்குப் பின்னாலிருந்து, "அடியே, சில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான்!" என்று நீ கத்த, டாக்டரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக நானும் படுத்து எழுந்தேன்.

முடிவு வந்தது. எனக்கு ஒன்றுமில்லை. உன்னுடையதில்தான் செல்கள் மாறியிருந்தன.

துணைக்கு வந்தவளுக்கா என்று நான் இடிந்து போனேன். நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். "இன்னும் புற்றுநோய் ஆகலடி. ஆகிறதுக்குள்ள பிடிச்சிட்டாங்க. சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு..." அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். அடுத்த பரிசோதனை நன்றாக வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னவோ தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக்கை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாய்!

இப்போது நம் வரிசை வீடுகளில் யாராவது தயங்கினால் நான் அறிவுரை சொல்வதில்லை. "எனக்கும் எடுக்கணும், வா, நான் முதல்ல படுக்கிறேன்" என்கிறேன். பாதி நேரம் அது பொய்தான். உன்னிடம் கற்ற திருட்டுத்தனம்.

நீ பல வருடம் வாழ்ந்தாய். மகள் கல்யாணத்தில் ஆடினாய். பிறகு ஒரு மத்தியானம் மாரடைப்பில் போய்விட்டாய். சாவு வீட்டில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "அந்தப் பழைய நோய் திரும்பிடுச்சு போல" என்று கிசுகிசுத்தாள்.

"இல்ல!" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது இவகிட்ட தோத்துப் போய் எத்தனையோ வருஷமாச்சு!"

சாவு வீட்டில் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். இன்றைக்கு யார் கேட்டாலும் அதே சத்தத்தில்தான் சொல்வேன்.