புங்கஞ்சேரி வயலில் என் உத்தரவு

3 ஜனவரி 1990, புதன்

துரைராசு இன்று தாலுகா அலுவலகத்துக்கு வந்தார். புங்கஞ்சேரியில் பாதி நிலம் அவருடையது. என் அறையைத் தாண்டிப் போய்த் துணைத் தாசில்தார் குஞ்சிதபாதத்தின் மேசை முன் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"அந்த நாகம்மா என் வயல்ல இறங்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு வேணும். அந்தம்மாகிட்ட ஒப்பத்த மட்டும் வாங்கிடுங்க."

அந்தம்மா நான்தான். பெயர் அம்சம், பதவி தாசில்தார். இந்த நாற்காலிக்கு வந்து ஒரு சாகுபடிகூட முடியவில்லை.

சற்று நேரத்தில் குஞ்சிதபாதம் கோப்போடு வந்தார். வேலை தெரிந்த மனிதர், என்னைவிட மூத்தவர். "வழக்கமா போடுறதுதான் மேடம்." நாகம்மாளையும் விசாரிக்காமல் போட முடியாது என்றேன். "சரிங்க மேடம்" என்றார். சொன்ன விதத்தில், சின்னப் பிள்ளையின் அடத்துக்கு விட்டுக்கொடுப்பதுபோல இருந்தது.

வெளியே யாரோ சொன்னார்கள்: "இனிமே முப்பது பெர்சென்ட் இவங்கதானாம்ல. பழகிக்க வேண்டியதுதான்." சிரிப்பு.

நான் பரீட்சை எழுதி வந்த வருஷத்தில் பெண்களுக்கு அந்த ஒதுக்கீடே கிடையாது. ஏன் வெளியே போய் அதைச் சொல்லவில்லை? பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

5 ஜனவரி, வெள்ளி

நாகம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆடியில அவரு போயிட்டாருங்க. நாத்து பறிச்சதும் நானு, நட்டதும் நானு. களையெடுக்கிறப்ப ஒருத்தரும் வந்து ஒண்ணும் சொல்லல. கதிரு சாயிறப்ப வந்து, பொம்பளைக்கு ஏதுடி குத்தகைங்கறாங்க."

எழுத்தில் எதுவும் இல்லை. அவள் புருஷனுக்கும் துரைராசுவுக்கும் வாய்ப்பேச்சுக் குத்தகை. துரைராசு தரப்போ, குத்தகை என்று ஒன்று இருந்ததே கிடையாது, அவன் கூலிக்கு நின்ற பண்ணையாள் என்கிறது.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "நீங்க வலங்கைமான் பக்கம் முருகையன் மவதானே? நம்ம ஆளு ஒண்ணு அந்த நாக்காலியில இருக்குன்னாங்க. அந்தத் தெம்புலதான் வந்தேன்."

நெஞ்சு நிறைந்தது. மறு நொடியே அறைக்கு வெளியே பார்த்தேன். எழுத்தர்கள் எல்லோர் தலையும் குனிந்தே இருந்தது. ஒருவர் காதுகூட குனிந்திருக்காது.

அப்பா கூலிக்குக் கதிர் அடித்தவர். துரைராசு மாதிரி ஆட்கள் முன் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

8 ஜனவரி, திங்கள்

எனக்கு மேலே இருக்கிற வருவாய்க் கோட்ட அதிகாரி, ஆர்.டி.ஓ., தொலைபேசியில் கூப்பிட்டார். நான் சாதி பார்க்கிறேன் என்று அவருக்குப் புகார் போயிருக்கிறது. இன்னும் ஒரு உத்தரவுகூடப் போடவில்லை, அதற்குள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "இது சட்டம் ஒழுங்கு விவகாரமா ஆகப்போவுது. அரிவாளோட நிப்பானுங்க. உங்களுக்கு எதுக்கும்மா? பொங்கலோட சேத்து மருத்துவ லீவு போட்டுடுங்க. குஞ்சிதபாதம் பாத்துப்பாரு."

யோசிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டேன். எதை யோசிப்பது? எனக்கு என்ன வியாதி?

14 ஜனவரி, பொங்கல்

பானை பொங்கியது. எனக்குத்தான் எதிலும் மனசு ஒட்டவில்லை. இவரிடம் லீவு விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரல் இல்லை, தணிந்த குரலில் பேசினார்.

"போட்டுடேன் அம்சம். வீம்புக்கு அடிபடணுமா?"

"வீம்பா இது?"

"அப்ப என்ன?"

பானையை இறக்கப் போய்விட்டேன். நான் லீவு போட்டால் அடுத்து இங்கே வருகிற பெண்ணிடமும் முதல் நாளே லீவுப் படிவத்தை நீட்டுவார்கள். இதை இவரிடம் சொல்லியிருக்கலாம். எழுதும்போதுதான் தோன்றுகிறது.

17 ஜனவரி, புதன்

லீவு போடவில்லை. புங்கஞ்சேரிக்குப் போனேன்.

சம்பா நன்றாக விளைந்திருக்கிறது. ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் விட்டால் மணி உதிர்ந்துவிடும். வரப்பின் ஒரு பக்கம் துரைராசுவின் ஆட்கள், எதிர்ப் பக்கம் நாகம்மாளின் தெரு மொத்தமும். அங்கேயே படித்துக் காட்டினேன்: விசாரணை முடியும்வரை இரண்டு தரப்பும் அறுக்கக் கூடாது. திங்களன்று வருவாய்த்துறை முன்னின்று அறுக்கும். நெல் அரசுக் கிடங்கில் இருக்கும். தீர்ப்பு யாருக்கோ, நெல் அவருக்கு.

துரைராசு குஞ்சிதபாதத்தைப் பார்த்துச் சிரித்தார். நாகம்மாள்தான் என்னைப் பார்த்தாள்.

"நட்ட கையி அறுக்கக் கூடாதா? இத சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க? நாக்காலியில ஏறினா எல்லாருக்கும் கண்ணு மாறிடும்போல."

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் என் அம்மா வயசு. ஒருத்திகூட எனக்குக் கும்பிடு போடவில்லை. தூக்கம் வராது இன்று. சரியாத்தான் செஞ்சேனா? இல்ல, பக்கச்சார்புன்னு பேர் வந்துடும்னு பயந்து அவ வயித்துல அடிச்சிட்டேனா?

22 ஜனவரி, திங்கள்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

நாங்கள் கிளம்புவதற்கு முன்பே தகவல் வந்துவிட்டது. துரைராசு விடிந்ததும் லாரியில் வெளியூர் அறுவடை ஆட்களை இறக்கிவிட்டார். தெரு திரண்டுவிட்டது. கைகலப்பு, ஒருவருக்கு மண்டையில் காயம். குஞ்சிதபாதம் "நான் வேணா போறேன் மேடம்" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். நானே போகிறேன் என்று ஜீப்பில் ஏறினேன். அவரும் ஏறிக்கொண்டார்.

ஊர் எல்லையில் டிரைவர் அப்துல் ஹமீது வேகத்தைக் குறைத்தார். "வண்டிய ரோட்டுலயே திருப்பி நிறுத்தட்டுங்களாம்மா? அவசரம்னா கிளம்ப வசதியா இருக்கும்."

ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. "வேணாம். களத்துவரைக்கும் போங்க" என்றேன்.

களத்தில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். போலீஸ் தடியோடு வரிசையாக நின்றது. ஒரு காகிதத்தை நீட்டினார். தடியடிக்கு அனுமதி. கலையவில்லை என்றால் அதற்கு மேலும் போகலாம் என்று அதிலேயே இருந்தது. "எல்லாம் எழுதியாச்சு மேடம். நீங்க ஒப்பம் போட்டாப் போதும்."

மறுபடி அதே. ஒப்பம் போட்டால் போதும்.

எதிரே நின்றவர்களில் பாதிப் பேர் பெண்கள். இரண்டு பக்கமும். லாரியில் வந்தவர்களும் நம்மைப் போன்ற கூலி ஜனம்தான், அது அப்போதுதான் கண்ணில் பட்டது. இவர்களும் அவர்களும் அடித்துக்கொள்ள, துரைராசு காரில் உட்கார்ந்திருந்தார்.

"போட மாட்டேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. இன்ஸ்பெக்டருக்குக் கேட்கவில்லையோ என்னமோ, "என்னங்க?" என்றார். "போட மாட்டேன் சார். நான் பேசிட்டு வர்ற வரைக்கும் உங்க ஆளுங்க யாரும் வரப்புல கால் வைக்கக் கூடாது."

செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினேன். கணுக்கால்வரை சேறு. லாரி ஆட்களில் முன்னால் நின்ற பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டேன்.

"ஒரத்தநாட்டுப் பக்கங்க."

"இது தகராறுல இருக்கிற வயல்னு சொன்னாங்களா?"

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லீங்களே. அறுப்புன்னு கூப்பிட்டாங்க, வந்தோம்."

"சரி, அறுங்க. ஆனா என் உத்தரவுல அறுங்க. இந்த ஊரு ஆளுங்களும் உங்களோட இறங்குவாங்க. எல்லாருக்கும் ஒரே கூலி. நெல்லு கிடங்குக்குப் போவும்."

துரைராசு காரிலிருந்து இறங்கி வரப்புவரை வந்துவிட்டார். "யாரக் கேட்டு இதெல்லாம்?"

"தாசில்தாரக் கேட்டு" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசித்துச் சொல்லவில்லை. யாரோ சிரித்தார்கள். துரைராசு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிவிடலாம்போல இருந்தது. நின்றேன்.

முதலில் நாகம்மாள் இறங்கினாள். என் முகத்தைப் பார்க்காமலே குனிந்து அறுக்க ஆரம்பித்தாள். ஒரத்தநாட்டுப் பெண் அவள் பக்கத்தில் நின்று அடுத்த பிடியைப் பிடித்தாள். பிறகு ஒவ்வொருவராக.

திரும்பும்போது காலில் சேறு காய்ந்திருந்தது. குஞ்சிதபாதம் வழி முழுக்க மூட்டைக் கணக்கை எழுதிக்கொண்டே வந்தார்.

23 ஜனவரி

காய்ச்சல். லீவு போடவில்லை.

6 பிப்ரவரி, செவ்வாய்

விசாரணை. துரைராசு இம்முறை என் அறைக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தார். வக்கீல் வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றார். என்னிடம் பேச வக்கீல் எதற்கு என்று நினைத்திருப்பார்.

குத்தகையே கிடையாது, பண்ணையாள்தான் என்று முதலில் அழுத்திச் சொன்னார். நாகம்மாள் மறித்துப் பேசினாள். "நட்டது யாரு? சொல்லுங்க ஐயா, சாமி மேல சத்தியமா சொல்லுங்க, நட்டது யாரு?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என்னை மறந்து அவளைப் பார்த்துக் கத்தினார். "ஒன் புருசன் போனதோட குத்தகையும் போச்சு. பொட்டச்சிக்கு விட்டுட்டு நான் வேடிக்க பாக்கணுமா?"

"எந்தக் குத்தகைங்க?" என்று கேட்டேன்.

என் பக்கம் திரும்பினார்.

"இப்பதான் குத்தகையே கிடையாதுன்னீங்க. போச்சுன்னு சொன்னது எது?"

சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். குஞ்சிதபாதம்தான் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினார், ஒரு எழுத்து விடாமல். நானே படித்துப் பார்த்தேன்.

துரைராசுவுக்கு அவசரமில்லை, நன்றாகப் படித்துவிட்டு ஒப்பம் போடட்டும் என்றேன்.

12 பிப்ரவரி

உத்தரவு போட்டாயிற்று. கணவன் சாகுபடி செய்த குத்தகை, அவன் இறந்தபின் கூடவே உழைத்த மனைவிக்கு. நாகம்மாள் பெயர் குத்தகைதாரராகப் பதிவு. துரைராசுவுக்குரிய பங்கு போக, கிடங்கு நெல் அவளுக்கு.

ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் போகிறாராம். போகட்டும்.

2 மார்ச், வெள்ளி

மாற்றல் வந்துவிட்டது. தஞ்சாவூரில் பழைய கோப்புகளைப் பார்க்கிற இடம். ஜீப் இல்லை, தாலுகா இல்லை. காரணம் எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை.

சாவியை ஒப்படைக்கும்போது குஞ்சிதபாதம் எழுந்து நின்றார். "மேடம், அன்னிக்கு நான் போயிருந்தா அந்தத் தடியடிக் காகிதத்துல ஒப்பம் போட்டிருப்பேன்." அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். தோத்துட்டேன்னு தோணுது. உத்தரவு சரிதான், ஆனா என் எடத்தக் காணுமே? இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வீம்பு என்று சொல்லவில்லை.

19 ஏப்ரல்

கோப்பு. தூசி. இருமல்.

19 ஜூலை, வியாழன்

அப்துல் ஹமீது ஏதோ வேலையாகத் தஞ்சாவூர் வந்தவர், என்னையும் பார்த்துவிட்டுப் போனார். போன வாரம் துரைராசுவின் அப்பீலை, அவரே ஒப்பம் போட்ட வாக்குமூலத்தைக் காட்டி, ஆர்.டி.ஓ. தள்ளிவிட்டாராம். நாகம்மாள் குறுவை நட்டுவிட்டாளாம். எனக்கு ஏதாவது சொல்லியனுப்பினாளா என்று கேட்டேன். "இல்லீங்கம்மா" என்றார். கொஞ்சம் வலித்தது. அவள் ஏன் சொல்லியனுப்ப வேண்டும்? அவளுடைய வயல்.

மத்தியானம் ஆர்.டி.ஓ.வே தொலைபேசியில் வந்தார். திருவிடைமருதூர் பக்கம் குத்தகைத் தகராறு. நாற்றங்காலை உழுது அழித்திருக்கிறார்கள், இரண்டு தெருவும் வெளியே நிற்கிறதாம். "கலெக்டர்கிட்ட உங்க பேரச் சொன்னேன். தனித் தாசில்தாரா போட்டு உத்தரவு சாயங்காலம் வந்துடும். என்னம்மா, போறீங்களா?"

துணைக்கு யார் வருவார்கள் என்று நான் கேட்பேன் என எதிர்பார்த்தாரோ என்னமோ, கொஞ்சம் நிறுத்தினார்.

"போறேன் சார். போலீஸ நான் கூப்பிடுற வரைக்கும் ஊருக்கு வெளியவே நிக்கச் சொல்லிடுங்க. நாத்து அழிஞ்ச வயல் யாரு சாகுபடி?"

"ஒரு விதவையோடது. எதிர்த் தரப்பு பெரிய எடம், யாருன்னு நேர்ல சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க சார்" என்று பேனாவைத் திறந்தேன்.