கொழும்புக்குப் போன ஐந்தாம் பக்கம்

3-11-1970, செவ்வாய்

எம்.பி. டில்லியிலிருந்து திரும்பிவிட்டார். காலை ஒன்பது மணிக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பதினைந்தாம் தேதி கொழும்பில் கூட்டமாம். ஒன்பது நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து உட்கார்ந்து காலராவைப் பற்றிப் பேசப்போகிறார்கள். ஆசியா முழுவதும் சுற்றிய வியாதி இந்த வருஷம் ஆப்பிரிக்காவுக்கும் போய்விட்டதாம். இந்தியாவிலிருந்து போகும் மூவரில் நம் ஆதிநாராயணன் ஐயாவும் ஒருவர். எட்டு நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். எழுத வேண்டியது, வழக்கம்போல, அவருடைய டைப்பிஸ்ட்டாகிய நான்.

"பெருசா இருக்கணும் சவரி. நாடு நாடா கை கோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி" என்றார். கோட்டு தைக்கக் கொடுத்தாகிவிட்டது. பேச்சுக்கு முன்னால் கோட்டு.

5-11, வியாழன்

நான்கு பக்கம் எழுதி, மனைவி மேரிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், இரண்டு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். 'மானுட சகோதரத்துவம்' மூன்று இடத்தில் வருகிறது என்றாள். பிறகு, "நாலு பக்கத்துல ஒருத்தர் கூட வாந்தி எடுக்கலியேங்க" என்றாள்.

உனக்குப் புரியாது என்று சொல்லி வைத்தேன். கீரையில் மண் இருந்தது. அதற்கும் காரணம் நான்தானாம்.

7-11, சனி

டில்லியிலிருந்து குறிப்புகள் வந்தன. சில நாடுகள் காலரா வந்ததை வெளியே சொல்வதே இல்லை. சொன்னால் மற்றவர்கள் கப்பலைத் திருப்பி விடுவார்கள், சரக்கை வாங்கமாட்டார்கள். அதனால் வியாதி பக்கத்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. கூட்டத்துக்கு வரப்போகும் தீர்மானம் இரண்டே வரி: நோய் வந்த நாடு உடனே சொல்ல வேண்டும், கேட்ட நாடு கதவைச் சாத்தாமல் மருந்து அனுப்ப வேண்டும். தங்கள் அரசாங்கத்தைச் சொல்ல வைப்பது அந்தந்த நாட்டு எம்.பி.க்களின் பொறுப்பு.

நல்ல விஷயம். என் நான்கு பக்கத்தில் இது இல்லை. சேர்த்துக்கொண்டு சகோதரத்துவத்தை ஒன்றாகக் குறைத்தேன். மேரியிடம் சொல்லவில்லை.

8-11

ஐயா முதல் பக்கத்தைப் பதினோரு முறை படித்துப் பழகினார். 'எபிடெமிக்' அவர் வாயில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வியாதியாக வருகிறது. இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

10-11, செவ்வாய்

மேரி முகம் சரியில்லை. கலியமூர்த்தியின் பீங்கான் பட்டறையில் ஆறு பேருக்கு வாந்திபேதி. பூவாயி — கப்பு அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிறவள் — நேற்றுச் செத்துப்போனாள். படுத்துக் கிடந்த அவள் தங்கை கமலத்தையும் இன்னும் இரண்டு பேரையும் கலியமூர்த்தி மாட்டுவண்டியில் ஏற்றி, அவர்கள் சொந்த ஊர் நல்லூருக்கே அனுப்பிவிட்டான். களிமண் குழியை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரால் வந்த காலரா என்கிறார் மடத்து டாக்டரம்மா. தீபாவளிப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறான் கலியமூர்த்தி. தீபாவளி போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

டாக்டரம்மா எம்.பி.க்குக் கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கிணற்றை மூடவும் எல்லோருக்கும் ஊசி போடவும் அவர் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

11-11, புதன்

கடிதத்தைக் கொடுத்தேன். ஐயா இரண்டு முறை படித்தார். தமிழ்தான், புரியாமல் இல்லை. எதிரே கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தான். தேர்தலுக்குக் காரும் ஆளும் கொடுக்கிறவன். "வெளிய தெரிஞ்சா நம்மூரு கப்ப எவன் வாயில வெப்பான்?" என்றான்.

"நான் கொழும்பு போயிட்டு வந்துடறேன் சவரி. அதுவரைக்கும் மேஜை டிராயர்ல இருக்கட்டும்" என்றார் ஐயா.

டிராயரில் வைத்தது யார்? நான். இந்தக் கையால்.

மேரியிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். கேலி பண்ணியிருந்தால் தேவலை. அந்தப் பொண்ணு செத்துக் கெடக்குது, நான் சகோதரத்துவத்துக்கு ஸ்பெல்லிங் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். எதுக்கு?

12-11

ஐந்தாம் பக்கம் ஒன்று புதிதாக அடித்தேன். 'என் ஊரில், பீங்கான் செய்யும் ஒரு பட்டறையில், சென்ற திங்கட்கிழமை ஒரு பெண் காலராவில் இறந்தாள். நாங்கள் அதைச் சொல்லவில்லை. எங்கள் கோப்பைகளை யாரும் வாங்கமாட்டார்கள் என்று பயந்தோம்.' மற்றப் பக்கங்களோடு சேர்த்துக் குண்டூசி குத்தி உறையில் போட்டேன். மேடையில் வாயால் சொல்லும்போதுதான் ஐயாவுக்கே தெரியும்.

வேலை போகும். போகட்டும். டைப்ரைட்டராவது என்னுடையது.

13-11

ஐயா புறப்பட்டார். கோட்டு தோளில் இறுக்கம். நல்லூரில் மேலும் நான்கு பேர் படுத்துவிட்டார்களாம்.

17-11, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. கொழும்பில் இந்திய உறுப்பினர் ஒருவர் தன் ஊர்க் காலராவைத் தானே எடுத்துச் சொன்னார் என்று. மத்தியானத்துக்குள் சுகாதார இலாகாவின் இரண்டு ஜீப். கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர், பட்டறை வாசலில் ஊசி. ஒரு ஜீப் சலைன் பாட்டில்களோடு நல்லூர் கிளம்பியது. மேரி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஏறும்போது சொன்னாள்: "பேப்பர்ல இருக்கறது உங்க எழுத்து மாதிரியே இல்லீங்க. நல்லா இருக்குது."

20-11, வெள்ளி

ஐயா வந்தார். அந்தப் பக்கத்தை வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "பின்ன, டைப்ரைட்டரா வெச்சுது?" என்றார்.

பிளேனிலேயே பார்த்துவிட்டாராம். கிழித்துப் போடத்தான் இருந்தாராம்.

"எனக்கு முன்ன பேசின நாலு பேரும் எங்க நாட்டுல ஒண்ணும் இல்லன்னாங்க. எல்லாரும் தலையாட்டினோம். நானும் அப்பிடியே சொல்லிட்டு உக்காந்துடலாம்னுதான் எழுந்தேன். பூவாயி வூட்டுக்கு ஓட்டு கேட்டுப் போயிருக்கேன் சவரி. மோர் குடுத்தா."

ஐந்தாம் பக்கத்தைப் படித்து முடித்து உட்கார்ந்தாராம். பிறகு முன்பு பேசியவர்களில் இரண்டு பேர் மறுபடி எழுந்து, தங்கள் நாட்டில் காலரா வந்த ஊர்களைப் பெயர் சொல்லிச் சொன்னார்களாம். சாயங்காலத்துக்குள் தீர்மானம் நிறைவேறி, எந்த நாட்டில் ஊசி மருந்து உபரியாக இருக்கிறது என்று பட்டியலும் போட்டுவிட்டார்களாம்.

கலியமூர்த்தி இனி இந்த வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறான். அடுத்த தேர்தலுக்கு சைக்கிள்தான் என்கிறார் ஐயா. என் வேலை போகவில்லை. இனி எல்லாப் பக்கத்தையும் முன்னாலேயே படித்துவிடுவாராம், அதுதான் எனக்குத் தண்டனை.

29-11, ஞாயிறு

பூசை முடிந்து மேரியோடு பஸ்ஸில் நல்லூர் போனேன். அங்கே இரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள். புதிதாக யாருக்கும் இல்லை. கமலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்காவின் சேலையைக் கட்டியிருந்தாள். கஞ்சியில் உப்பில்லை, இதெல்லாம் ஒரு கஞ்சியா என்று மேரியைத் திட்டினாள். மேரி உப்பு போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். திரும்பும்போது பஸ் நிற்கிற இடம் வரைக்கும், நான் முகத்தைப் பார்த்துவிடாதபடி, முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தாள்.