முக்காப்படி திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை

வடக்குப்பட்டு,
14-9-1991

பம்பாயில் ஒளிந்து வாழும் என் கணவர் கோதண்டம் அவர்களுக்கு, கிளியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குழந்தை சசிரேகாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்பது மரியாதை. கேட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்தது. குவைத்தில் சண்டை மூண்டு, கட்டின துணியோடு அம்மான் என்கிற ஊர் வழியாகப் பம்பாயில் வந்து இறங்கினதாகவும், வெறுங்கையோடு ஊருக்கு வர வெட்கப்பட்டு ஒரு வருஷமாகக் கூட வேலை செய்தவர் அறையில் தங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வருஷமும் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாமல் நான் நெற்றிப் பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கார்டு வாங்கக்கூடவா பம்பாயில் வெட்கமாக இருந்தது? இதற்குப் பேர் மானமாம். எங்கள் ஊரில் இதற்கு வேறு பேர்.

முகம் ஒட்டிப்போய்விட்டது, முன்பல் இரண்டு போய்விட்டது, தலை நரைத்துவிட்டது, பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது, ஊர் சிரிக்கும், இப்படியே வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் கடைசியில், நம்ம முக்காப்படி முத்தையா மறுபடி டி.வி.யில் வரப்போகிறாராமே, இங்கே மெட்ராஸ் நிலையம் எடுக்காது, பார்த்துவிட்டு எப்படி என்று எழுது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெண்டாட்டியைப் பற்றி எழுதினதைவிட முக்காப்படியைப் பற்றி எழுதினது இரண்டு வரி அதிகம். ஆகட்டும். முதலில் அவர் சமாசாரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்த நாடகத்தை அப்போதே எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மளிகைக் கடைக்காரன் ஒரு படிக்கு முக்கால் படி அளந்து போட்டுவிட்டு, “குறைஞ்சா கேளு, கூடினா குடு” என்று தொப்பை குலுங்கச் சிரிப்பான். அதற்கு நீங்கள் பஞ்சாயத்து டி.வி. முன்னால் மண்ணில் புரண்டு சிரிப்பீர்கள். நம்மையே ஏமாற்றுகிறவனைப் பார்த்து நாமே எதற்குச் சிரிக்க வேண்டும் என்று கேட்டேன். உனக்குச் சிரிக்கத் தெரியாது என்றீர்கள். ஊரில் பாதிப் பேர் இன்றுவரை என்னைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் வேலைக்குப் போவது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் காணாமல் போன பிறகு இங்கே அடுப்பு தானாக எரியவில்லை. சுங்குவார்சத்திரத்தில் டி.வி. பெட்டி கோக்கிற கம்பெனி ஒன்று வந்திருக்கிறது, கறுப்பு வெள்ளைப் பெட்டிகள்தான். ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி வேன் வரும். எனக்குப் பின்மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்குகிற வேலை. மூடி போடுவதற்கு முன்னால் எல்லாப் பெட்டியையும் அலமாரியில் வரிசையாக அடுக்கி, மணிக்கணக்காக ஓடவிடுவார்கள். சூடு தாங்காத பெட்டி அங்கேயே தெரிந்துவிடும். சாயங்கால ஷிப்டில் மெட்ராஸ் நிலையம் வைத்திருப்பார்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே படம் ஓடும்.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாயில் முக்காப்படி திரும்பி வந்தார். அதற்கு லைனில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலை ஷிப்ட் ஆட்கள் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி மல்லிப்பூ வாங்கி முதல் பெட்டிக்குச் சுற்றிவிட்டாள். இன்னொருத்தன் சூடம் கொளுத்தப் போனான், அட்டைப்பெட்டி பற்றிக்கொள்ளும் என்று பிடுங்கி வைத்தார்கள். சூப்பர்வைசர் சிவசங்கர், படித்த பையன், இதையெல்லாம் கண்டிக்க வேண்டியவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு முடிந்து ஆள் வந்தார். அலமாரி முழுக்க அவர்தான். கன்னம் இரண்டும் குழி. தொப்பை போய்ச் சட்டை தொங்குகிறது. பழைய கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பழையபடியே படியை விரலால் வழித்துவிட்டு, “குறைஞ்சா கேளு” என்றார். குரல் கம்மிப்போயிருந்தது.

சிரிக்க வாயைத் திறந்து வைத்திருந்தவர்கள் அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் முழித்தார்கள். கடைசியில் லூர்தம்மாள்தான், பக்கத்து லைன்காரி, நல்லவள், கொஞ்சம் அவசரக்குடுக்கை, எழுந்து நின்று, “இன்னாடி இது, மூஞ்சி நீட்டமா கீது? படம் ஒடுங்கிக்கினு வருது, செட்டுலதான் கோளாறு” என்றாள். பெட்டிக்கு உள்ளே படத்தை அகலப்படுத்துகிற ஒரு சின்னச் சுருள் இருக்கிறது. பிளாஸ்டிக் குச்சியை விட்டுத் திருப்பினால் படம் பக்கவாட்டில் விரியும். அவள் திருப்பினாள். முத்தையாவுக்குக் கன்னம் வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். தொப்பையும் வந்தது.

லைனே கைதட்டியது. “வந்துட்டாருப்பா, நம்ம ஆளு வந்துட்டாரு!” என்று ஆளுக்கொரு குச்சியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். அலமாரியில் இருந்த அத்தனை பெட்டியிலும் அந்த மனுஷனைப் பிடித்து உப்பவைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்ததற்கெல்லாம் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் ஒருபடி மேலே போய்க் கூடத்தையே இடித்துக் கட்டினார்கள்.

செட் சரியாகத்தான் இருக்கிறது, ஆளுக்குத்தான் வயசாகிவிட்டது என்று நான் சொன்னேன். லூர்தம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, “உனக்கு நெஞ்சுல ஈரமே கெடயாதுடி” என்றாள். என் முன்னால் இருந்த பெட்டிக்கும் குச்சியோடு வந்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். இதைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்றேன். எல்லோரும் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். உங்கள் கடிதம் அன்றைக்கு மத்தியானம்தான் வந்திருந்தது. வேன் ஏறும் முன் படித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். நாடகம் முடியும்வரை அந்த ஒரு பெட்டியில் அவருடைய உள்ளபடியான முகத்தை நான் ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அடுத்து செய்தி வந்தது. செய்தி வாசிக்கிற அம்மாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல அலமாரி முழுக்கக் கன்னம். அதைப் பார்த்தாவது புத்தி வந்ததா? வரவில்லை. சிவசங்கர் ஓகே என்று கையெழுத்துப் போட்டார். சுருள் நகராமல் சிவப்பு மை வைத்தார்கள், மூடி போட்டோம், பெட்டி பேக்கிங்குக்குப் போனது. மறுநாள் காலையில் மெட்ராஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் இரண்டு டப்பாவைப் பிரித்து டெஸ்ட் படம் வைத்துப் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டியது பூசணிக்காயாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, ஓ.டி.யும் கிடையாது என்று சொல்லி, அத்தனை மூடியையும் கழற்ற வைத்தார்கள். பாவம் செய்தவர்களோடு சேர்ந்து நானும் ஸ்க்ரூ கழற்றினேன். இன்ஸ்பெக்டரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் சிவசங்கர், அன்றைக்குக் கரண்ட் வோல்டேஜ் சரியில்லை என்று சொன்னாராம். முக்காப்படியிடமே பாடம் படித்தவர்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தார்கள். திருவள்ளூர் வாசகர் ஒருவர், போன உயிர் திரும்பி வந்தது என்று எழுதியிருந்தார். தாம்பரத்துக்காரர் ஒருவர், இந்த வயதில் இவருக்கு இது தேவையா, பழைய நினைப்பையும் கெடுத்துவிட்டாரே என்று திட்டியிருந்தார். ஒரு அம்மா, பழைய நாடகத்தையே மறுபடி போட்டிருக்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார். அந்த மனுஷன் இத்தனை வருஷம் எங்கே கிடந்தார், என்ன சாப்பிட்டார் என்று ஒரு ஜன்மமாவது கேட்டிருக்க வேண்டுமே! கிடையாது. இவர்களுக்குச் சிரிப்பு வர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். அதனால் செவ்வாய்க்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து டி.வி.க்கே போனேன். அங்கே திருப்புவதற்கு யாரிடமும் குச்சி இல்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்கா, “யானை படுத்தாலும் குதிரை மட்டம்டி” என்று பெருமைப்பட்டுக்கொண்டார், பாதியில் தூங்கிவிட்டார். சலூன் நடேசன், “பேரோட வூட்லயே குந்திக்கினு இருக்கலாம்ல, இன்னாத்துக்கு வந்தாரு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போனாரா? போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்துக் கடைசிவரை குறை சொன்னார். போன வாரம் அவரைப் பார்த்து அழுதேன் என்று என்னிடம் சொன்ன எதிர்வீட்டுக்காரி, இந்த வாரம் பீடி சுற்றுகிற கதை பேசிக்கொண்டிருந்தாள். ஊர் என்பது இவ்வளவுதான். ஒரு மனுஷனுக்காக ஊர் அழுவதும் சிரிப்பதும் ஒரு வாரத்துக்குமேல் தாங்குவதில்லை.

அங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது ஒருத்திதான். உங்கள் மகள். உங்களைப் போலவே மண்ணில் புரண்டாள், பாவாடையெல்லாம் புழுதி. வீட்டுக்கு வரும் வழியில் என்னைக் கேட்டாள், “ஏம்மா, அல்லாரும் மாறிட்டாரு மாறிட்டாருன்றாங்க, முன்ன எப்டி இருந்தாரு?” என்று. குண்டாக இருந்தார் என்றேன். “அது எனக்கு இன்னா தெரியும்? இவரு நல்லாதான் கீறாரு” என்றாள்.

நீங்கள் விமானம் ஏறினபோது அவளுக்கு மூன்று வயது. கல்யாண போட்டோவைக் காட்டினால் மீசையைப் பார்த்துச் சிரிக்கிறாளே தவிர, அப்பா என்று வாயில் வருவதில்லை. உங்களுடைய எந்த முகமும் அவளிடம் இல்லை. எதைக் கொண்டுவந்து காட்டுகிறீர்களோ அதுதான் அவளுக்கு அப்பா முகம். பம்பாயில் உட்கார்ந்து அதற்காக அழுதுகொண்டிருக்கிறீர்களே, உங்களை என்னவென்று சொல்வது!

ஊர் சிரிக்குமா என்று கேட்டீர்கள். சிரிக்கும். நடேசன் சலூனில் வைத்துச் சிரிப்பார், சின்னப்பொண்ணு அக்கா உச்சுக் கொட்டுவார். அடுத்த செவ்வாய்க்கு வேறு ஆள் கிடைப்பான். நான் சிரிப்பேனா அழுவேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் தபாலில் அனுப்பித் தீருகிற கோபம் இல்லை. ஆளை எதிரில் உட்காரவைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

சில விஷயங்களை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே யாரிடமாவது கடன் வாங்கி, செண்ட் பாட்டிலும் சோப்பும் வாங்கிக்கொண்டு குவைத்திலிருந்து நேராக வருகிறவர்போல வேஷம் போடாதீர்கள். பல் கட்டிக்கொண்ட பிறகு வரலாம் என்று ஒரு யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தலைக்கு மை பூசவும் வேண்டாம். மே மாதம் குண்டு வெடித்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போலீஸ் கெடுபிடி அதிகம், இருட்டில் ஒதுங்கி வருகிறவனை நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ஆகவே பகலில், எல்லோரும் பார்க்க, நடுத்தெருவில் நடந்துவர வேண்டும். இருட்டின பிறகு கதவைத் தட்டினால் திறக்க மாட்டேன்.

இனிமேல் எனக்குக் காலை ஷிப்டே போடும்படி சிவசங்கரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாராவாரம் மாற்றிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று என்ன என்று கேட்டார். குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்றேன். அவருக்கு அவ்வளவு போதும். தினமும் வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன், அதற்குமேல் எங்கேயும் போகிறதாக இல்லை.

அம்மன் உங்களுக்குக் காலில் பலம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கோ. கிளியம்மாள்