முன் பிரேக்

மார்ச் 3, ஞாயிறு

பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் இன்று பைக்கின் கார்புரேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து கொதிக்கவைத்தால் உள்ளே படிந்த பச்சைக் களிம்பு விட்டுப்போகுமாம். என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் தந்திருப்பேனா? "கழுவினா போயிடும்" என்றார். பாத்திரத்தைக் குப்பையில் போட்டேன்.

வேறு வண்டியாக இருந்தால் இவ்வளவு எரியாது. இவருடைய ஒரு காலையே வாங்கிவிட்ட வண்டி. அதைத்தான் போன வாரம் இவரும் இவர் தம்பியும் வெல்டர் பட்டறையிலிருந்து தூக்கிவந்து முன்னறையில் வைத்திருக்கிறார்கள். நடு வீட்டில். நசுங்கிய டேங்க், கோணிய ஹேண்டில்பார், ஒரு சாக்கு நிறைய உதிரி. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்ட கதை. இங்கே ஓணான் ஒரு தடவை கடித்தும் விட்டது, அப்புறமும் மடியில்தான்.

மார்ச் 6, புதன்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. சுத்தியல் மட்டும் பேசுகிறது.

மார்ச் 17, ஞாயிறு

இந்தப் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்பே உண்டு. தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் வண்டி எங்காவது துருப்பிடித்துக் கிடக்கிறதென்றால் இவருக்கு மூக்கு வேர்த்துவிடும். அண்ணனும் தம்பியுமாகத் தூக்கிவந்து, கழற்றி, தேய்த்து, பூசி, ஓடவைப்பார்கள். அண்ணனுக்கு எல்லாம் வந்தது வந்தபடியே இருக்க வேண்டும். சின்னவன் எதையாவது மாற்றாமல் விடமாட்டான். அதற்கொரு சண்டை, அப்புறம் ஒரு சிரிப்பு. அப்போதெல்லாம் எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அதெல்லாம் போன வருஷம் ஒரு ரோட்டுத் திருப்பத்தில் நடந்த விபத்தோடு முடிந்தது. "கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னார். இடது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, கொதிக்கவைத்து, எண்ணி அடுக்குவது என் வேலை. அன்றைக்கு இவர் ஆபரேஷனுக்கான கருவித் தட்டை அடுக்கியது நான்தான். யாருக்கென்று தெரியாமல் அடுக்கினேன்.

வேகம், வேகம், வேகம். ஒரு வருஷமாக இதைச் சொல்லித்தான் திட்டுகிறேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். எதிர்த்து ஒரு சொல் கிடையாது. அந்த அமைதி இன்னும் எரிச்சல்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்று வாய்விட்டுக் கேட்டேன், இதை ஓட்டப் போறீங்களா என்று. "ஆமா" என்றார். செயற்கைக் காலில் கணுக்கால் மடங்காது, கியர் லீவருக்கு அடியில் கால் விரலை விட்டுத் தூக்க முடியாது. அதனால் முன்னாலும் பின்னாலும் மிதிக்கிற மாதிரி லீவரையே மாற்றப் போகிறாராம். வந்தது வந்தபடி இருக்க வேண்டும் என்கிற மனுஷன்! பேப்பரில் படம் போட்டுக் காட்டினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கண்ணெல்லாம் மின்ன.

பட்ட காலிலே படும் என்பார்கள். உங்களுக்குப் பட இன்னும் ஒரு கால்தான் மிச்சம் இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. இல்லை — சொன்னது சரிதான்.

ஏப்ரல் 20, சனி

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

காலையில் இவர் செயற்கைக் காலின் வாரைச் சரிபார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். எனக்கு விடுமுறை. முன்னறையைக் கூட்டவாவது இடம் வேண்டுமே என்று அந்தச் சாக்கைக் கொட்டி, வேலையில் செய்வதுபோல வகை பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் புது கியர் லீவரைக் கொடுக்க வெல்டர் அண்ணன் வந்தார். கையளவு ஓர் இரும்புப் பட்டை என் கையில் இருந்தது. ஓரம் ரம்பத்தால் அறுத்தது, ஒரு துளை முழுசாக இருந்தது, இன்னொன்று கிழிந்திருந்தது. இது வேணுமா, போட்டுடலாமா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"இத இன்னுமா வெச்சிருக்காரு? தூக்கிப் போடும்மா. அன்னைக்கு ஒடைஞ்சது இதுதானே."

என் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குத் தெரியாது என்பது அவருக்குப் புரிந்தது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை, சொன்னார். முன் சக்கரத்தில் கம்பெனியே வைத்த டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, சின்னவன் வேறொரு வண்டியின் டிஸ்க் பிரேக்கை மாட்டியிருக்கிறான். அதைத் தாங்க இந்தப் பட்டையை அவனே அறுத்துத் துளைத்திருக்கிறான். திருப்பத்தில் இவர் பிரேக் பிடித்ததும் பட்டை உடைந்து, பிரேக் சுழன்று சக்கரக் கம்பிக்குள் போய்ச் சிக்கியிருக்கிறது. வண்டி நின்றுவிட்டது. இவர் நிற்கவில்லை.

வேகம் இல்லை. வேகமே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வருஷமாக அந்தச் சோற்றை நான்தான் பரிமாறினேன், அந்தச் சின்னவனுக்கும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து என் கையால் தின்னுட்டுப் போனானே. எப்படிடா உனக்கு இறங்கிச்சு?

ஏப்ரல் 21, ஞாயிறு

நேற்று இவர் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே பட்டையை நீட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தார். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார் அதற்கு.

யார் சொன்னது என்று கேட்கவில்லை. சின்னவன் அப்போது பல நாள் சாப்பிடவே இல்லையாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தானாம். எனக்குத் தெரிந்தால் அவனை வீட்டுப் படி ஏற விடமாட்டேன் என்று நினைத்தாராம்.

"ஆமா. விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

"அப்ப நான் ஒரு வருஷமா உங்களத் திட்டினேனே? ஊர்ல இருக்கற வசவெல்லாம் திட்டினேனே? அப்ப என்னதான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

"திட்டிட்டுப் போறா, கால்தான் போச்சு, தம்பியுமா போகணும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவர் நல்லவராக இருப்பதற்கு என்னை அல்லவா கெட்டவளாக்கிவிட்டார். என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் தப்பான ஆள் மேல் விழுந்திருக்கிறது. அதைத் திரும்ப எடுக்க வழி உண்டா? யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள்?

இன்று சின்னவன் சாப்பிட வரவில்லை. இவர் போன் செய்து சொல்லியிருப்பார்.

ஏப்ரல் 22, திங்கள்

நானே போன் செய்தேன். வா என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வந்தான். தட்டு வைக்கவில்லை. தட்டு வைக்கிற இடத்தில் பட்டையை வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. இவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார், உட்காருங்க என்றேன்.

நான் எதையும் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான், தலையைத் தூக்காமல்.

"ஒரு போல்ட்டுக்குப் பூட்டு வாஷர் போடல அண்ணி. அன்னைக்குக் கடையில இல்ல. நாளைக்குப் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன். அந்த போல்ட் கழண்டு விழுந்திருக்கு. மொத்த பாரமும் இன்னொன்னு மேல வந்துருச்சு."

நாளைக்கு. ஒரு வாஷர்! சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. எங்கள் வேலையில் ஆபரேஷனுக்கு முன்பும் எண்ணுவோம், பின்பும் எண்ணுவோம். ஒரு கத்தரிக்கோல் குறைந்தால் வயிற்றைத் தைக்க விடமாட்டோம். பெரிய டாக்டராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். இவன் நாளைக்கு என்று விட்டிருக்கிறான்.

அடிக்கக் கை வந்தது. முப்பத்திரண்டு வயசு ஆம்பிளை, அடிவாங்கக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடித்தால் அவனுக்கு ஆறிவிடும். அதனால் அடிக்கவில்லை.

பழைய டிரம் பிரேக் எங்கே என்று கேட்டேன். அவன் வீட்டுப் பரணில் இருக்கிறதாம். கொண்டு வா, என் கண் முன்னால் மாட்டு, ஒவ்வொன்றும் எதுக்குன்னு எனக்குச் சொல்லு என்றேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். என்ன பார்வை? இவர் ஓட்டியே தீருவார் என்றால், அந்த பிரேக்கை நான் பார்க்காமல் வண்டி வாசல் தாண்டாது.

மே 19, ஞாயிறு

மூன்றாவது வாரமாக வருகிறான். வந்து, மாட்டி, விளக்கிவிட்டுப் போகிறான். சாப்பாடு கிடையாது.

எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது, அதுவும் ஓர் எரிச்சல். டிரம்முக்குள்ளே பிறை மாதிரி இரண்டு பிரேக் கட்டைகள், கேபிளை இழுத்தால் விரிந்து உரசும். ஒரு கட்டையின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. துடைச்சுட்டாப் போதும் அண்ணி என்றான். போதாது என்றேன். புதுசு வாங்கிவந்தான்.

முன் சக்கர அச்சின் நட்டை நானே முறுக்கினேன். அதன் குறுக்கே ஒரு கம்பிப் பின்னைச் செருகி, முனையை விரித்துவிட வேண்டும், அப்போதுதான் நட் நகராது. விரித்தேன். மறுபடி பார்த்தேன். உள்ளே போய்விட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். இவர் சிரித்தார். என்ன சிரிப்பு என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 2, ஞாயிறு

வண்டி உதைத்ததும் கிளம்பிவிட்டது. தெருவே புகை. இவர் ஹெல்மெட்டை எடுத்தார். பிடுங்கிச் சின்னவனிடம் கொடுத்தேன்.

"மொதல்ல நீ ஓட்டு."

அன்றிலிருந்து அவன் இந்த மாதிரி பெரிய வண்டி எதையும் தொட்டதில்லை, மொபெட்டில்தான் வேலைக்குப் போகிறான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இவர் ஏதோ சொல்ல வந்தார். அவன் "விடு அண்ணே" என்று ஏறிவிட்டான். தெருக்கோடி வரை போய், திரும்பி, எங்கள் வாசலுக்கு நேரே வந்து முழு பிரேக்கையும் பிடித்தான். சக்கரம் நேராக நின்றது. இறங்கினான். ஸ்டாண்டைப் போட்டான். மதில் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

இவர் போய் அவன் முதுகைத் தடவினார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். கையில் கொடுக்கவில்லை, மதில் மேல் வைத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது.

அப்புறம் இவர் ஏறினார். செயற்கைக் கால் முதலில் லீவரைத் தேடியது, ஒருமுறை தவறியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு மிதி, பின்னால் ஒரு மிதி, மெதுவாகத் தெருக்கோடித் திருப்பம் தாண்டிப் போய்விட்டார். சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்காமலே போனது. நானும் சின்னவனும் வாசலில் நின்றோம், ஒருவரை ஒருவர் பார்க்காமல். சத்தம் திரும்பக் கேட்கும்வரை நான் மூச்சுவிட்டேனா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்தேன். கால் போனதிலிருந்து பார்க்காத முகம். அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவுதானா இவருக்கு வேண்டியிருந்தது?

ஜூன் 9, ஞாயிறு

சின்னவன் வரவில்லை. வேலை ஏதும் பாக்கி இல்லையே, எதற்கு வருவான்? இவர் சாப்பிடும்போது வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

வரச் சொல்லி ஆள் அனுப்பினேன் — ஆள் என்றால் இவர்தான், அந்த வண்டியிலேயே. இருவரும் சேர்ந்து வந்தார்கள், முன்னால் வண்டி, பின்னால் மொபெட். மூன்று தட்டு வைத்தேன். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. அதை இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை. சின்னவன் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை, நானே போட்டேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கிளம்புகிறேன் அண்ணி என்று சொல்லி மொபெட்டில் ஏறினான். இறங்கு என்றேன். குனிந்து அதன் முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். கேபிள் தளர்ந்திருந்தது. இவரிடம் ஸ்பானர் வாங்கி முறுக்கி, மறுபடி அழுத்திப் பார்த்தேன். பிடித்தது.

மெதுவாப் போ என்றேன்.