சக்களத்தியின் கெர்னல்

என் செல்ல அத்தானே,

நீங்கள் கல்லறைக்குப் போய்விட்டீர்கள். உங்கள் இன்னொரு பெண்டாட்டி முன்னறையில் துணி மூடி அப்படியே இருக்கிறாள். கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன். ஐந்தாம் கிளாஸோடு நின்ற எனக்கு அவளைத் துடைக்க மட்டும்தான் தெரியும். பொறாமையோடு துடைப்பதால் மூலையில் தூசி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாறசாலையில் நம்மைப்போல் டைப்படித்துக் கொடுக்கிற மற்ற கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள் புது மெஷின் வாங்கியபோது, இந்தப் பழசையே வேகமாக ஓட வைப்பேன் என்று உட்கார்ந்தீர்கள். காலைக் கஞ்சி குடித்துவிட்டு கெர்னலைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தால் முடியச் சாயங்காலம் ஆகும். வோல்டேஜ் குறையக் கூடாதென்று அதுவரை என்னை மிக்ஸி போட விடமாட்டீர்கள். நான் அம்மியில் தேங்காய் அரைப்பேன். “அவ என்ன பிள்ளத்தாச்சியா?” என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

கெர்னல் என்றால் என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

“எட்டி, மெஷினுக்க உள்ள நடக்கிய வேலைக்கெல்லாம் மேஸ்திரி அதாக்கும். மத்தவங்க மெமரிக்க உள்ள வருவாங்க, போவாங்க. மேஸ்திரி எறங்கவே மாட்டாரு. அவரு தடியா இருந்தா மத்தவங்களுக்கு எடம் இல்ல. டிஸ்குக்கு ஓடி ஓடி வரணும். அதுலதான் நேரம் போவுது.”

“அப்ப மேஸ்திரியப் பட்டினி போடுதீங்களா?”

“தேவையில்லாத்தத களையிதேன்.”

நம்மிடம் இல்லாத சாமான்களுக்கான பகுதிகளையெல்லாம் எடுத்தீர்கள். ஒருமுறை கைதவறிப் பிரிண்டருக்கான பகுதியையும் எடுத்துவிட்டீர்கள். கல்யாணக் கடிதம் அடிக்க வந்த அம்பூரிக்காரர் காத்திருந்தார். மெஷின் பறந்தது, காகிதம் மட்டும் வெளியே வரவில்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு கேள்வி கிடந்தது. தேவையில்லாததையெல்லாம் களைகிற மனுஷன் என்னை எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறார்?

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிநேகிதன் ராஜு நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தான்.

“சேச்சி, இத நான் எடுத்தோட்டா? எல்லாத்தையும் அழிச்சிட்டு புது சிஸ்டம் போடுவேன். பிள்ளைகளுக்குப் படிக்க ஆவும்.”

“அழி மக்கா” என்றேன். நல்ல மனசென்று நினைக்காதீர்கள். சக்களத்தி ஒழியட்டும் என்றுதான்.

மெஷினைப் போட்டுப் பார்த்தவன் சிரித்தான். “அண்ணன் இந்தச் சவுண்டுக்க பகுதியக் கடைசி வரைக்கும் எடுக்கல்ல. அது கெடந்தா கெர்னலுக்குக் கனமாக்கும்னு எத்ர சண்ட போட்டேன். ‘அவ மீன் வெட்டும்போ பாட்டு கேப்பா, கெடக்கட்டும்டே’ன்னு சொல்லிட்டாரு.”

நான் கையிலிருந்த துணியை மடித்து மடித்து நின்றேன்.

அத்தானே, இந்தச் சொல்லை என்னிடம் சொல்ல உங்களுக்கு ஒருநாளும் நேரம் வரவில்லையா? ராஜுவிடம் சொல்ல மட்டும் வந்ததா? மெஷின்மேல் இருந்த பொறாமை அப்படியே எழுந்து அவன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் என்னென்ன சொல்லிவைத்திருக்கிறீர்கள் அவனிடம்?

“சேச்சி, அப்ப கொண்டு போவட்டா?”

“இப்பம் இல்ல. ஞாயிறுதோறும் வா. அத்தான் ஒனக்கிட்ட சொன்னத ஒண்ணு விடாம எனக்கிட்ட சொல்லு. சொல்லித் தீந்தா மெஷின் ஒனக்கு.”

“அது தீர எத்ர வருஷம் ஆவுமோ.”

“ஆவட்டு. மீன்கறி வச்சுத் தாறேன்.”

உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அவனிடம் நீங்கள் பேசியதில் கடைசிச் சொல்வரை வாங்காமல் உங்கள் கெர்னல்மேல் ஒரு விரல்பட விடமாட்டேன்.

இன்னும் பொறாமை தீராத,
உங்கள் மாமன் மகளும் பெஞ்சாதியுமான
ரோசம்மா