கடற்பாசியில் அச்சான ரயில்

பதுளை,
24 ஏப்ரல் 1924

அன்புள்ள நளீராவுக்கு,

இன்று மத்தியானம் அப்பாவிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு: அந்த ரயில் கதையை எழுதியது நான்தான். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. வேண்டாம், போடாதே.

காலியில் நீயும் உன் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நோன்பு நாளில் கடற்கரை வெயில் உன்னை வாட்டாமல் இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம்.

பதுளைக்கு முதல் ரயில் வந்ததை ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருந்தாய். நம்முடன் படித்த மற்றவர்களும் அதையேதான் கேட்டார்கள். இருபது தடவை எழுத யாரால் முடியும்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் பரீட்சைத் தாளைப் பசைத் தட்டில் படியெடுப்பாரே, ஞாபகமிருக்கிறதா? ஊதா மையில் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தால் எழுத்து பசையில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றியெடுக்கலாம். மையில் அரைப் போத்தல் டீச்சரே கொடுத்தார். பசைதான் தொல்லை. அது எலும்பிலிருந்து காய்ச்சுவது. எங்கள் சைவச் சமையலறைக்குள் அது வந்தால் அத்தை வீட்டையே கழுவிவிடுவார்.

அப்போதுதான் உன் உம்மா நோன்புக்குக் காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசி நினைவுக்கு வந்தது. அவரிடம் வாங்கி வந்து காய்ச்சி, சீனிக்குப் பதில் கிளிசரின் விட்டு ஆறவைத்தேன். முதல் தட்டு தாளோடு பிய்ந்து வந்தது. இரண்டாவதில் வள்ளியம்மை அத்தை ஓரமாக ஒரு கரண்டி வழித்து வாயில் போட்டு, "நளீரா ஆத்தா செய்யிற மாதிரி வரல புள்ள" என்று துப்பினார். மூன்றாவதில் இருபத்திரண்டு தாள் எடுத்தேன். விரல் ஏன் ஊதாவாக இருக்கிறது என்று கேட்டார், நாவற்பழம் என்றேன். "சித்திரையில ஏதுடி நாவப்பழம்?" என்றதும் ஓடிவிட்டேன்.

அப்பாவின் கட்டளை உனக்குத் தெரியும். பெண்பிள்ளை எழுத்து வாசலைத் தாண்டினால் பேனாவையும் புத்தகங்களையும் அலமாரியில் பூட்டிவிடுவார். நான் எழுதிய கதையிலோ அவரே வருகிறார். ஸ்டேஷன் மாஸ்டருக்கென்று கொண்டுபோன மாலையை, இஞ்சின் ஊதிய ஊதலில் பதறி, பக்கத்தில் நின்ற போர்ட்டர் கழுத்தில் போட்டாரே, அதுதான். பெயரை எழுதவில்லை. தலைப்பாகையை எழுதிவிட்டேன்.

ஒன்றை மறந்துபோனேன். அச்சுக்கூடத்து எழுத்தைப் பார்த்து எழுதியவரைச் சொல்ல முடியாது. கடற்பாசியோ, உனக்கு வைத்தது போக, என் கையெழுத்தையே இருபத்தொரு தடவை ஊருக்குள் அனுப்பிவிட்டது.

இன்று தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் அழகர் கங்காணி எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வந்தார். நம்முடன் படித்த அவர் மகள் வாசித்துக் காட்டிய தாளை மடியிலிருந்து எடுத்து, "மொதலாளி, மால போட்டது நீங்கதானுங்களே?" என்று நீட்டினார். நான் உள்கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா உரக்கப் படித்தார். மாலை வந்த இடத்தில் கடையே சிரித்தது. "எந்தப் பய எழுதுனான் இத?" என்று அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடி நிமிர்ந்தவரின் கண் எதிரே இருந்த டின்களில் போய் நின்றது. மல்லி, சீரகம், வெந்தயம் என்று அவற்றில் எழுதி ஒட்டியது நான். தாளைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கங்காணி விடாமல், எழுதியது யாரென்று தெரிகிறதா என்று கேட்டார். "தெரியல கங்காணி. ஆனா நல்லாத்தான் பாத்திருக்காங்க" என்றார் அப்பா.

சாப்பிடும்போதும் அவர் எதுவும் கேட்கவில்லை. பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மைதான் ஒரு சொட்டும் இல்லை. அவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. முதலில் எடுத்த, நன்றாக விழுந்த தாளை உனக்கென்று இத்துடன் வைத்திருக்கிறேன். பெருநாளுக்கு ரயிலேறி வந்துவிடு, நளீரா. நீ இறங்குவதையும் நான் எழுத வேண்டும்.

என்றும் உன்,
புஷ்பம்

30 ஏப்ரல். தபாலில் சேர்ப்பதற்குள் இன்னும் ஒன்று. இன்று ரயிலில் வந்த கொழும்புச் சரக்கில் ஊதா மை இரண்டு போத்தல் இருந்தது. அப்பா அவற்றை வெந்தய டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். எங்கள் கடையில் மை விற்பதில்லை.