கன்றுக்கு ஒரு ஹீட்டர்

நவம்பர் 9

பனி தங்கிவிட்டது. இனி ஏப்ரல் வரை தரை கண்ணில் படாது.

காலையில் என் வீட்டுக்காரர் ஓரெஸ்ட் கையுறை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடது கையால் வலது கைக்கு மாட்டுகிறார், சின்னப் பிள்ளைக்கு மாட்டிவிடுவதுபோல. போன மார்ச்சில் உறைந்த அந்த இரண்டு விரல்களும் இன்னும் சரியாக மடங்கவில்லை. "இன்னொரு தடவை உறைஞ்சா வெட்டித்தான் எடுக்கணும்" என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நானும் இருந்தேன். மனுஷன் காதில் அது ஏறியதா என்பதுதான் தெரியவில்லை.

மகள் டாரியா போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "அம்மா, மாடுகளை வித்துடுங்க. அப்பா கை போனா திரும்ப வருமா?" கடைசியில் மூன்று பேரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இந்த ஒரு ஈற்றுக்காலம், கன்றுகள் பிறந்து முடியும்வரை மட்டும் பார்ப்பது. கை தாங்கினால் மாடுகள் இருக்கும். தாங்காவிட்டால் ஏப்ரலில் தரகர் லைல் லாரியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார். ஓரெஸ்ட் "ம்" என்றார். அது சம்மதமா, தொண்டையைச் சரிசெய்ததா, கடவுளுக்கே வெளிச்சம்.

எனக்கும் மாடுகளை விட மனசில்லை. மாடில்லாமல் இந்த வீட்டில் நாங்கள் இருவரும் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வோம்? டாரியாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஆகவே பண்ணை வண்டிக்கு ஹீட்டர் வேண்டும். இரண்டு சீட்டு, பின்னால் ஒரு தொட்டி, மேடு பள்ளம் பார்க்காமல் ஏறுகிற கொழுத்த டயர்கள். எல்லாம் இருக்கிறது. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் துணிக்கதவு. உள்ளே உட்கார்ந்தால் வெளியே இருக்கிற அதே குளிர், காற்று மட்டும் கொஞ்சம் குறைவு.

நவம்பர் 12

ஹீட்டர் என்று வாயைத் திறந்தேன். அவ்வளவுதான்.

"ஹீட்டரா? அப்புறம் என்ன, தலகாணி, மெத்தை, பக்கத்துல நின்னு விசிறி வீச ஒரு ஆளு?"

"உன் விரலுக்குய்யா!"

"எங்கப்பா குதிரைவண்டில போய் கன்னு எடுத்தாரு."

"உங்கப்பாவுக்குக் காதுல பாதிதான் இருந்துச்சு. அதையும் சொல்லு."

எழுந்து போய்விட்டார். இந்தச் சுற்றுவட்டாரத்து ஆண்கள் எல்லாருமே இப்படித்தான். தன் உடம்புக்குச் சுகம் தேடினால் அவமானம். செத்தாலும் சாவார்கள், குளிருகிறது என்று சொல்ல மாட்டார்கள்.

நவம்பர் 14

பக்கத்துப் பண்ணை லெஸ்டர் தன் வண்டியில் கேஸ் ஹீட்டர் வைத்திருக்கிறார். பார்க்கப் போனேன். சிலிண்டரைச் சீட்டுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். பற்றவைத்ததும் நன்றாகத்தான் சுட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியெல்லாம் தண்ணீராக வழிந்தது, எனக்குத் தலை பாரமாகிவிட்டது.

"கதவக் கொஞ்சம் தெறந்து வச்சுக்கணும்" என்றார்.

கதவைத் திறந்து வைப்பதற்கு ஹீட்டர் எதற்கு? மூடிய கேபினுக்குள் நெருப்பு எரிந்தால் விஷப்புகை அங்கேயேதானே தங்கும்? வேண்டவே வேண்டாம். லெஸ்டர் மனைவியிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் அந்தச் சிலிண்டர் இன்றே குப்பைக்குப் போயிருக்கும்.

நவம்பர் 15

பேட்டரியில் செருகுகிற குட்டி ஹீட்டர் ஒன்றை ஊர்க் கடையில் போட்டுக் காட்டினார்கள். யாரோ எதிரில் நின்று மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. சும்மா வந்துவிட்டேன்.

நவம்பர் 22

கடைக்காரர் இன்னொன்றைச் சொன்னார். இன்ஜினைச் சுற்றி ஓடுகிற சுடுதண்ணீரைக் குழாய் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவந்து, பின்னால் ஒரு விசிறி வைத்து ஊதுகிற வகை. கார்களில் இருப்பதே இதுதானாம். "எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க, வெர்னா. கண்ண மூடிட்டு வாங்கலாம்."

நியாயமாகத்தான் இருந்தது. பெட்டியைக் கையில்கூட எடுத்துவிட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று கீழே வைத்துவிட்டேன்.

நவம்பர் 23

இன்று ஓரெஸ்ட்டோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். "எதுக்கு?" என்றார். "மாட்டப் பாக்க" என்றேன். சந்தேகமாகப் பார்த்தார்.

மேட்டுக்குப் போய்ச் சேர ஐந்து நிமிஷம். சேர்ந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டார். சத்தம் இருந்தால் சினைமாடுகள் எழுந்து நகரும், நடையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்கிறார். ஈற்றுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, ஆனாலும் அப்படியே உட்கார்ந்து பார்க்கிறார். எந்த மாடு தனியாக நிற்கிறது, எது வாலைத் தூக்குகிறது. அரைமணி நேரம். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டினார். மறுபடி அணைத்தார். மறுபடி உட்கார்ந்தார். என் கால் மரக்கட்டையாகிவிட்டது.

இறங்கியதும் இன்ஜின் மூடி மேல் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது! இந்த இன்ஜினிலிருந்து சூடு எடுத்து இவருக்கு எப்படிக் கொடுப்பது? ஓடிக்கொண்டே இருக்கிற வண்டிக்கு அந்த ஹீட்டர் சரி. இது நின்றுகொண்டே இருக்கிற வண்டி.

கடைக்காரருக்கு அப்போதே போன் போட்டேன். "அப்படின்னா டீசல் ஹீட்டர்தான்" என்றார். அது தனி அடுப்பு. துளித்துளியாக டீசலைக் குடித்து ஒரு மூடிய பெட்டிக்குள் எரியும். புகை வெளியே போய்விடும், சூடான காற்று மட்டும் உள்ளே வரும். இன்ஜினை அணைத்தாலும் நிற்காது. பெரிய பேட்டரி ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதுதான். எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

டிசம்பர் 4

பெட்டி வந்து இறங்கியது. மனுஷன் அதைத் தொடவே இல்லை.

"அத மாட்டினா நான் அந்த வண்டில ஏற மாட்டேன். நடந்தே போய்க்கிறேன்."

"போ. நடந்து போய் ரெண்டு கையையும் உறைய வச்சுட்டு வா. நான் ஊட்டி விடுறேன், குளிப்பாட்டி விடுறேன், வேற என்ன வேலை எனக்கு!"

கத்திவிட்டேன். என்ன மனுஷன் இவன்? யாருக்காக இந்த வீம்பு? பாக்குறதுக்கு இங்க யாரு இருக்கா? மாடும் நானும்தானே!

டிசம்பர் 5

வீட்டில் பேச்சில்லை. சூப்பில் உப்பு போட மறந்தேன். அதையும் கேட்கவில்லை.

டிசம்பர் 19

பெட்டி இன்னும் வாசலறையில்தான் இருக்கிறது. அதன் மேல் இப்போது அவருடைய தொப்பி உட்கார்ந்திருக்கிறது.

ஜனவரி 6

நாங்கள் பழைய நாட்காட்டிக்காரர்கள், இன்றுதான் எங்கள் கிறிஸ்துமஸ் இரவு விருந்து. டாரியா சாலை மோசமென்று வரவில்லை. பன்னிரண்டு பதார்த்தங்களையும் எங்கள் இரண்டு பேருக்காகவே செய்தேன். பைத்தியம்தான், ஆனால் குறைக்க மனம் வரவில்லை.

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் வழக்கம்போல ஓரெஸ்ட் கிண்ணத்தை எடுத்தார். தேனும் கசகசாவும் போட்ட கோதுமைச் சோறு. மாடுகள் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரன் வாயில் வைக்கலாம். இந்த மனுஷன் அதைத் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்த வருஷம்கூட எழுந்து போனார்.

கூடவே போனேன். கிழட்டு மாடு ஒன்றுக்குக் கையால் ஊட்டப் பார்த்தார். அந்த இரண்டு விரலும் பிடிக்கவில்லை, சோறு பனியில் விழுந்தது. குனிந்து பொறுக்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் தப்பான ஆளின் பேரைச் சொல்லி அல்லவா ஹீட்டர் கேட்டுக்கொண்டிருந்தேன்!

"அந்த ஹீட்டர் உனக்கில்ல" என்றேன்.

"பின்ன யாருக்கு?"

"கன்னுக்குட்டிக்கு. போன வருஷம் வீட்டுக்குக் கொண்டுவர வழிலயே ரெண்டு வெறச்சுச் செத்துச்சே. கால்மாட்டுல போட்டு சூடு காட்டிக்கிட்டே வந்தா பொழைக்கும்ல?"

கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். 

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றார்.

உள்ளே வந்து மூன்று தட்டு சாப்பிட்டார்.

ஜனவரி 18

அவரே மாட்டினார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. புகைக்குழாய் வெளியே நன்றாகத் தள்ளி நிற்கிறது. விஷப்புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றை நான் கேபினுக்குள் மேலே ஒட்டினேன்.

ஹீட்டரிலிருந்து மூன்று குழாய்கள் வருகின்றன. மூன்றையும் பக்கத்துச் சீட்டின் கால்மாட்டுக்கே திருப்பிவிட்டார்.

"கண்ணாடிக்கு ஒண்ணு வேணாமா?" என்று கேட்டேன்.

"ஏன், கன்னுக்குட்டி கண்ணாடி வழியா வேடிக்கை பாத்துட்டு வரப்போகுதா?"

சரி சாமி. வாயை மூடிக்கொண்டேன். மாட்டினாரே, அதுவே பெரிசு.

பிப்ரவரி 19

முதல் கன்று! சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று. ஈரத்தோடு பனியில் கிடந்தது, காது இரண்டும் விறைக்க ஆரம்பித்திருந்தது.

ஓரெஸ்ட் அதைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டு, இரண்டு காலுக்கு நடுவே வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் ஓட்டினேன். ஹீட்டர் முழுவேகத்தில். கன்றிலிருந்து ஆவி கிளம்பியது பாருங்கள், சோற்றுப்பானை தோற்றது. போய் முன்கண்ணாடியில் உட்கார்ந்து அப்படியே பனிக்கட்டியாகிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியல!"

"நேரா போ!"

"எது நேர்?"

துணிக்கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி ஓட்டினேன். என் புருவம் உறைந்துவிட்டது. உள்ளே கன்று மட்டும் ராஜா மாதிரி வருகிறது. கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த வைக்கோல் கட்டு மேல் நேராகப் போய் மோதினேன். அடி யாருக்கும் இல்லை. கன்று "ம்மா" என்றது. சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. ஓரெஸ்ட்டும் சிரித்தார். எத்தனை மாதம் ஆயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு!

கன்று பிழைத்துக்கொண்டது.

பிப்ரவரி 20

காலையில் எழுந்து பார்த்தால் ஒரு குழாய் முன்கண்ணாடிக்குப் போயிருக்கிறது.

"கன்னு பத்திரமா வீடு வந்து சேரணும்ல" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

மார்ச் 6

சட்டைகூட மாற்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் காற்று கிளம்பியது. போன வருஷம் விரலை உறைய வைத்த அதே மாதிரிக் காற்று. ஒரு கிடேரிக்கு முதல் ஈற்று, கன்று பின்னங்கால் முன்னாடி வருகிறது. கையுறையோடு அந்த வேலை நடக்காது. ஓரெஸ்ட் கழற்றி எறிந்துவிட்டார். அதற்குள் இருட்டிவிட்டது, நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெறுங்கை, ஈரம், அந்தக் காற்று. எத்தனை நேரமோ. போதும் விடு என்று கத்த வாய்வரை வந்தது. கத்தவில்லை. விட்டிருந்தால் கிடேரியும் போயிருக்கும், கன்றும் போயிருக்கும்.

கன்று வந்தது. மூச்சும் வந்தது.

வண்டிக்குள் இருவரையும் தள்ளிக் கதவை இழுத்துவிட்டேன். இன்ஜினை அணைத்திருந்தோம், ஆனாலும் உள்ளே கதகதவென்று இருந்தது. அந்த இரண்டு விரலும் மெழுகுபோல வெளுத்துக் கிடந்தன. கன்றைத் தேய்க்கிற சாக்கில் கையைக் குழாய் வாயருகே வைத்திருந்தார். நான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் பண்ணினேனா, திட்டினேனா, நினைவில்லை.

மெல்ல மெல்லச் சிவந்தது. அவர் பல்லைக் கடித்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதுடி" என்றார்.

முப்பத்துநாலு வருஷத்தில் இந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. செத்த விரல் வலிக்காது. வலிக்கிறதென்றால் உயிர் இருக்கிறது.

"நல்லா வலிக்கட்டும்" என்றேன். அழுதுவிட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கன்று என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

மார்ச் 10

டாக்டர் பார்த்தார். விரலுக்கு ஒன்றுமில்லை. டாரியாவுக்குச் சொன்னேன்.  "அந்த ஹீட்டருக்கு ஒரு முத்தம் குடுத்துடுங்கம்மா" என்றாள்.

ஏப்ரல் 2

லைல் போன் செய்தார். லாரி எப்போது அனுப்பட்டும் என்று கேட்டார். போனை ஓரெஸ்ட்டிடம் நீட்டினேன்.

"எந்த லாரி?" என்றார் மனுஷன்.

ஏப்ரல் 11

கடைசிக் கன்றும் விழுந்து ஒரு வாரமாயிற்று. குளிர் மட்டும் போக மனசில்லாமல் நிற்கிறது.

காலைச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோம். ரொட்டி ஆறிப்போனதும் தேடிப் போனேன். மேட்டின் மேல் வண்டி நின்றது, இன்ஜின் அணைந்து. பக்கத்தில் போனால் ஹீட்டர் மட்டும் மெல்ல முணுமுணுக்கிறது. உள்ளே ஓரெஸ்ட். தொப்பி மடியில். கையுறை இல்லை. இரண்டு கைகளையும் குழாய் வாயில் விரித்து வைத்துக்கொண்டு, கீழே மேய்கிற தாய்களையும் கன்றுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழாய் ஒன்று புதிதாக ஸ்டியரிங் பக்கம் திரும்பியிருந்தது.

கால்மாட்டைப் பார்த்தேன். வைக்கோல்கூட இல்லை.

"கன்னுக்குட்டி எங்க?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"நின்னு கேள்வி கேக்காத. ஏறிக் கதவச் சாத்து, சூடு வெளிய போகுது."